நூற்று நாற்பது மீன்கள்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே மீன் என்றால் பிரியம், ஐயா. சாப்பிட அல்ல, பார்க்க. தண்ணீர் கலங்கலாக இருக்கிறது, வண்டி தாமதமாக வந்தது என்று அது குறை சொல்லாது. மனிதர்களுக்குத் தண்ணீர் விற்றுப் பிழைத்தவனுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

எவாரிஸ்தோ பினேதா என்று எழுதிக்கொள்ளுங்கள். தெகுசிகல்பா நகரத்தின் தெற்கு மேட்டில், ஆல்தோ வெர்தே குடியிருப்புக்குப் பதினெட்டு வருஷம் தண்ணீர் லாரி ஓட்டியவன். அரசாங்கக் குழாய் ஏறாத மேடு அது. நான் ஹாரன் அடித்தால் நூற்று நாற்பது வீட்டுப் பெண்களும் தொர்தியா ரொட்டியைக் கல்லிலேயே கருகவிட்டுவிட்டு ஓடி வருவார்கள். பிஷப் வந்த அன்றைக்குக்கூட அவர்கள் அப்படி ஓடி நான் பார்க்கவில்லை. தனியார் கையில் கொடுத்தால் சேவை செழிக்கும் என்று பத்திரிகையில் எழுதுகிறார்களே, அந்தத் தனியார் நான்தான்.

பிறகு தில்சியா கிளம்பினாள். சுகாதார நிலையத்தில் உதவியாளர் வேலை. அவள் மகள் யாதிராவுக்கு ஞானஸ்நானத்தில் நான் ஞானத்தகப்பன். அதனால் என்னைக் ‘கொம்பாத்ரே’ என்று முறை சொல்லித்தான் கூப்பிடுவாள். எங்களிடையே அது கூடப்பிறந்தவனுக்கும் ஒரு படி மேலான உறவு. அந்த உறவுக்காரி ஊரைத் திரட்டி, மலை ஊற்றிலிருந்து தோளில் குழாய் சுமந்து, உச்சியில் பெரிய தொட்டி கட்டி, அதில் சொட்டுச் சொட்டாகக் குளோரின் விழ ஒரு டப்பாவும் வைத்துவிட்டாள். வீட்டுக்கு வீடு குழாய். அதற்கப்புறம் நான் ஹாரன் அடித்தால் நாய்தான் எட்டிப் பார்த்தது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறுதானே. ஆனால் அவளைக் குறைசொல்லி நான் ஒரு வார்த்தை பேசியதில்லை, விசாரித்துப் பாருங்கள்.

அந்த மழைக்காலத்தில் டெங்கு வந்தது. வீட்டுத் தொட்டியில் மீன் விட்டால் கொசுப்புழுவைத் தின்றுவிடும் என்று வானொலியில் சொன்னார்கள். நல்ல யோசனை. சந்தையில் வண்ணமீன் விற்கிற செலெயோவிடம் நூற்று நாற்பது குஞ்சுகள் கேட்டேன்.

“குளோரின் போட்ட தண்ணியா?” என்றான் அவன். “குளோரின்ல விட்டா ஒரு நாள் தாங்காது. மனுசனுக்கு ஒண்ணும் ஆவாது, மீனுக்குத்தான் எமன். தண்ணிய ரெண்டு நாள் வெயில்ல வச்சுட்டு விடச் சொல்லுங்க.”

கேட்டுக்கொண்டேன். மீன்களை வாங்கிக்கொண்டேன். வெயிலில் வைக்கிற விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று வீட்டுக்கு ஒன்றாக இலவசமாகக் கொடுத்தேன். பாதிரியார் என் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். நாலு வயது யாதிரா பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “ஞானப்பா, இதுக்கு நான் பேரு வச்சுக்கட்டுமா?” என்றாள். வைத்துக்கொள் என்றேன்.

செவ்வாய்க்கிழமை அத்தனையும் வயிற்றைக் காட்டி மிதந்தன. தில்சியாவின் பக்கத்து வீட்டுத் தொமாசா, செத்த மீனைத் தட்டில் ஏந்திக்கொண்டு கோயில் முற்றத்துக்கு வந்துவிட்டாள். பின்னாலேயே ஊரும் வந்தது.

“மீனுக்கே ஆகாத தண்ணி, எம் பேரப்புள்ளைங்களுக்கு ஆகுமா?”

“அக்கா, அது குளோரின். மீனு செவுளால மூச்சு விடுது, அதுக்குத்தான் ஆகாது. நமக்கு அது கிருமியக் கொல்ற மருந்து,” என்றாள் தில்சியா.

“கொல்ற மருந்துன்னு அவ வாயாலயே சொல்லிட்டா, கேட்டீங்களாடி!”

கடைசியில் என் பக்கம் திரும்பினார்கள். “எவாரிஸ்தோ ஐயா, நீங்க சொல்லுங்க. காலமெல்லாம் தண்ணியிலயே கெடக்குறவரு.”

“நான் படிக்காதவன். ஆனா மீனு பொய் சொல்லாது,” என்றேன்.

“கொம்பாத்ரே, உங்க லாரித் தண்ணியிலயும் குளோரின் ஊத்துறீங்கல்ல?” என்றாள் தில்சியா.

“ஊத்தினேன் தாயி. இனிமே ஊத்த மாட்டேன்.”

கைதட்டினார்கள், ஐயா. அன்றைக்கே அவள் வைத்த டப்பாவைக் கல்லால் அடித்து நொறுக்கி, தொட்டிக்குப் பூட்டுப் போட்டார்கள். மறுநாள் என் ஹாரனுக்குப் பழைய மரியாதை வந்தது. வீட்டுக்கு ஒரு புது மீனும் கொடுத்தேன். என் கிணறு ஆற்றோரம் இருக்கிறது. பன்றி வெட்டும் கொட்டகை அதற்குப் பத்தடி மேலே. அந்தத் தண்ணீருக்குக் குளோரின் எதற்கு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வாடிக்கையாளர் வேண்டாம் என்று சொன்ன பிறகு ஊற்றுவது மரியாதையா?

மீன்கள் கொழுத்து வளர்ந்தன. மூன்றே வாரத்தில் பிள்ளைகளுக்கு வாந்தியும் பேதியும் வந்தன.

தில்சியா தன் வீட்டுத் தண்ணீரில் விடாமல் குளோரின் விட்டுக்கொண்டிருந்தாள். அதனால் அவள் வீட்டில் மீன் இல்லை. மீன் பார்க்க யாதிரா தொமாசா வீட்டுக்குப் போவாள். தொமாசாவும் அன்பானவள்தான், போகிற போதெல்லாம் குழந்தைக்கு ஒரு குவளை தண்ணீர் கொடுத்திருக்கிறாள். யாதிரா ஒரு வியாழக்கிழமை கண் மூடிவிட்டாள். அவளோடு சேர்த்து ஐந்து பிள்ளைகள். என் ஞானமகளின் பெட்டியை நான்தான் சுமந்தேன், கனமே இல்லை. அழுதேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். துக்க வீட்டில் தொமாசா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்: “தண்ணியா இருக்காது. எங்க தொட்டியில மீனு எப்படித் துள்ளுது, வந்து பாருங்க.”

ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் தில்சியா என் வீட்டுக்கு வந்தாள். காப்பி கொடுத்தேன், தொடவில்லை. நேராகக் கொல்லைக்குப் போய் என் கல்தொட்டியில் ஒரு கை அள்ளி முகர்ந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“கொம்பாத்ரே, ஊருக்கெல்லாம் மீன் குடுத்தீங்களே. உங்க தொட்டியில ஏன் ஒண்ணுகூட இல்ல?”

அங்கிருந்துதான் அவள் இந்தக் காவல் நிலையத்துக்கு, உங்களிடம் வந்திருக்கிறாள். நீங்களும் அதையே கேட்பதால் சொல்கிறேன். பதினெட்டு வருஷமாக ஒரு நாள்கூடத் தவறாமல் என் வீட்டுத் தண்ணீரில் குளோரின் விடுகிறேன். அதில் போய் மீனை விட எனக்கு எப்படி மனசு வரும், ஐயா? பாவம், வாயில்லா ஜீவன்.