வராதவங்களுக்குத் தேவை இல்ல

...அதான் தம்பி நானும் சொல்றேன், என்ன வேணும்னு கேட்டதுதான் தப்பு! நாங்க சும்மா இருந்திருந்தா அவங்களும் சும்மா இருந்திருப்பாங்க. வருஷா வருஷம் நாட்டுல எத்தனை லாரி ஓடுது, எத்தனை பஸ் ஓடுது, சரக்கு எங்கேருந்து எங்க போகுதுன்னு கணக்கெடுத்துப் புஸ்தகம் போடுறோம். யார் கண்ணு வெச்சாங்களோ, 'அதைப் படிக்கிறவங்களைக் கூப்பிட்டு, உங்களுக்கு என்ன தேவைன்னு கேளுங்க'ன்னு மேலேருந்து உத்தரவு வந்துச்சு. கேட்டோம். அவ்வளவுதான், தலையில ஏறி உக்காந்துட்டாங்க!

நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க, நான் பாட்டுக்குப் பேசிட்டு வரேன். பஸ் நடுரோட்டுல படுத்ததும் நீங்க லாரியை நிறுத்தி ஏத்திக்கிட்டீங்க, நல்லா இருப்பீங்க. இல்லேன்னா இன்னைக்கு என் கூட்டம் அம்போதான். நான் இல்லாம அவங்களே கூடி முடிவு பண்ணிட்டா... ஆளாளுக்கு ஒரு கேள்வியைச் சேத்துடுவாங்க!

கணக்கெடுக்க நாங்க குடுக்குற ஃபாரம் ஒரே ஒரு தாள், முன்னாடி பின்னாடி. அதுக்கு மேல நீட்டினா எந்த லாரிக்காரரும் பதில் எழுத மாட்டார். நீங்க எழுதுவீங்களா? பாத்தீங்களா! அதனால புதுசா ஒரு கேள்வி உள்ள வரணும்னா, பழசு ஒண்ணு வெளிய போகணும். வெட்டுறது என் வேலை. ஆபீஸ்ல எனக்குக் கத்திரிக்கோல் அக்கான்னு பேரு. முதுகுக்குப் பின்னாடிதான் சொல்லுவாங்க, ஆனா என் காதுல விழுந்துடும்ல.

இந்த வருஷம் ஒரே ஒரு கேள்விக்குத்தான் இடம் இருக்கு. ஒரு வரி! அதுக்கு டயர் கம்பெனிக்காரர் ஒத்தக்கால்ல நிக்கிறார். வண்டிக்கு வண்டி டயரோட வயசு வேணுமாம். ஏன் தம்பி, என் வயசையே நான் சரியா சொல்றதில்ல, டயர் வயசை எவன் சொல்லுவான்? இன்னொரு பக்கம் ஒரு புரொபசர். அவருக்கு எல்லாம் வேணும். மணிவாரியா வேணும், ஊர்வாரியா வேணும், மழை பெஞ்சா அதுக்குத் தனியா வேணும். போன தடவை குடுத்ததை என்ன சார் பண்ணினீங்கன்னு கேட்டேன். கவரையே இன்னும் பிரிக்கலையாம் தம்பி! கவரை! அப்புறம் இன்சூரன்ஸ்காரம்மா ஒருத்தங்க. கூட்டம் முடியுற வரைக்கும் பேச வாயைத் திறக்க மாட்டாங்க, ஆனா பிஸ்கட் தட்டு மட்டும் காலியாகிட்டே இருக்கும்.

இந்தக் கூத்தையெல்லாம் பாத்துட்டு நானே ஒரு சட்டம் போட்டேன். கூட்டத்துக்கு யார் வராங்களோ, அவங்க தேவைதான் தேவை. அடுத்தடுத்து ரெண்டு கூட்டத்துல நாற்காலி காலியா இருந்துச்சா, அவங்க கேள்விக்குக் கத்திரி. வராதவங்களுக்குத் தேவை இல்லைன்னுதானே அர்த்தம்? எங்க டைரக்டர் எதுக்கும் தலையாட்டுறவர்தான், ஆனா இதுக்குக் கொஞ்சம் வேகமாவே ஆட்டினார். எனக்குப் பெருமையா இருந்துச்சு, ஏன் பொய் சொல்லணும்.

...தம்பி, அந்தப் பள்ளத்தைக் கொஞ்சம் பாத்து. இல்ல இல்ல, இடுப்பு வலியெல்லாம் இல்ல. அது வந்து... பஸ் நின்னப்போ பொழுது போகலைன்னு ஃப்ளாஸ்க்ல இருந்த டீயைப் பூராவும் குடிச்சுட்டேன். அதுக்கு மேல நீங்க குடுத்த தண்ணி வேற. வழியில எங்கயாவது நிறுத்துற மாதிரி இடம் இருக்குமா? பொம்பளைங்க போற மாதிரி... அதோ அந்தப் பச்சைக் கதவா? பூட்டியிருக்கே! பூட்டு துருப்பிடிச்சுப் போயிருக்கே! என்ன அக்கிரமம் தம்பி இது? எந்த மடையன் இதைப் பூட்டச் சொன்னான்?

என்னது, நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்களா? 'இங்க வண்டிங்க நிக்கிறதா எந்தக் கணக்குலயும் இல்ல, அதனால மூடுறோம்'னா?

...

இதுல ஃபேன் ஏதும் இல்லையா தம்பி? வேர்க்குது.

இல்ல... அப்படி ஒரு கேள்வி எங்க ஃபாரத்துல இருந்துச்சு. 'வழியில எங்க நிறுத்தி ஓய்வெடுப்பீங்க'ன்னு. உங்க டிரைவர் சங்கம் கேட்டு வாங்கின கேள்விதான். அப்புறம் பாத்தா, ஒரு கூட்டத்துக்கும் ஆளக் காணோம். நாற்காலி காலி. நான் என்ன பண்ணுவேன்? சட்டம்னா சட்டம்! ...யார் போட்ட சட்டமா? அதான் அப்பவே சொன்னேனே... ஏன் சிரிக்கிறீங்க? ரோட்டைப் பாருங்க!

லெட்டர் போட்டோம்ல, ஏன் வரல உங்க ஆளுங்க? ...ரோட்டுல இருந்தாங்களா. ம். அதுவும் சரிதான். ரோட்டுல இருந்தாத்தானே டிரைவரு.

ஐயோ, இன்னொரு பள்ளமா! வேணும்னே விடுறீங்களா நீங்க?

சரி, முடிவு பண்ணிட்டேன். டயர்க்காரர் என்ன குதி குதிச்சாலும் அந்த ஒரு வரி உங்க கேள்விக்குத்தான். புரொபசர் அழுதாலும் சரி. என்னடா திடீர் ஞானோதயம்னு பாக்காதீங்க, முட்டிக்கிட்டு வரும்போதுதான் மனுஷிக்குப் புத்தி வருது. இன்னும் எவ்வளவு தூரம்? ...அவ்வளவா! பேசாதீங்க தம்பி. என்னையும் பேச வைக்காதீங்க. ...டயருக்கு வயசு கேக்குறாராம், வயசு!

அதோ, அந்த மஞ்சக் கட்டடம்! வந்துடுச்சு! தம்பி, நீங்களும் உள்ள வாங்க. உங்க ஆளுங்க நாற்காலி இன்னும் அங்கதான் கெடக்கும். நீங்க உக்காந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும், கேள்வி திரும்ப வந்துடும். நான் சொன்னா எடுபடாது, நான் வெட்டுறவ. வாங்க! ...வண்டியை எங்க விடுறதுன்னா? இதோ வாசல்ல... ஓ, 'லாரி நிற்கக் கூடாது'ன்னு போர்டா. பின்பக்கம்? கார் மட்டும்தானா? எதிர்ல எங்கயாவது... பின்னாடி ஹாரன் அடிக்கிறான் பாருங்க, இருய்யா, இறங்கிட்டுத்தான் இருக்கேன்! தம்பி, ரெண்டே நிமிஷம்... கிளம்புறீங்களா? தம்பி!

போயிட்டார். பாவி, போகும்போதும் சிரிச்சுக்கிட்டே போறார்.

இருக்கட்டும். அந்த நாற்காலியில நானே உக்காந்துக்கிறேன், எவன் எழுப்புறான்னு பாக்குறேன். முதல்ல... வாட்ச்மேன் அண்ணே! டாய்லெட் எந்தப் பக்கம்? சீக்கிரம் சொல்லுங்க! ...என்னது? கூட்டத்துக்கு வந்தவங்களுக்கு மட்டும்தானா? யாருய்யா இப்படியெல்லாம் சட்டம் போடுறது?

வந்திருக்கேன் அண்ணே! கதவைத் திறங்க, நான் வந்திருக்கேன்!