அக்கா போட்ட பதில்

குறிஞ்சிப்பாடி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கையின் மடியில் குழந்தை தூங்கியது. காலடியில் பெரிய பை.

“நான் உனக்கு எழுதுற மெயில அவரு வரிவரியா படிச்சிக் காட்டிட்டுதான்க்கா அடிக்கிறாரு.”

அக்கா அவள் போனை வாங்கினாள். “மெயில் ஐடி யாரு ஆரம்பிச்சிக் குடுத்தது?”

“அவருதான். கல்யாணமான புதுசுல.”

அக்கா கொஞ்ச நேரம் தேடினாள். “செட்டிங்ஸ்ல அவரு ஐடி கெடக்குது பாரு. உனக்கு வர்ற மெயிலெல்லாம் அவருக்கும் போய்க்கினு இருக்குது.”

“வர்றதுதான போவுது? நான் எழுதுனது எப்படி அவருக்குத் தெரியும்?”

“நான் பதில் போட்டா, நீ எழுதுனதும் கீழ சேர்ந்து வருமில்ல.” அக்காவின் குரல் இறங்கிவிட்டது.

“நேத்து நான் கெளம்பி வந்துடுறேன்னு எழுதுனனே, அதுக்குமா பதில் போட்ட?”

“பத்து மணி பஸ்ல ஏறிடலாம்னு போட்டேன்.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“அவரு இப்ப ஷிப்டுலதான இருப்பாரு?” என்று அக்கா கேட்டாள்.

“ஷிப்டுன்னு சொல்லிட்டுதான் போனாரு. மைன்ஸ் ஹெல்மெட்டு வூட்லயே கெடந்துது.”

வடலூர் ஸ்டாப்பில் பஸ் நின்றது. தங்கை குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடினாள்.