பாட்டில் பச்சை

எங்கள் கடையில் ட்யூப் லைட் வெளிச்சத்தில் யாரையும் புடவை எடுக்க விடமாட்டோம், மேடம். வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துக் காட்டுவோம். வீட்டுக்குப் போனதும் நிறம் வேறாக இருக்கிறது என்று யாரும் திரும்பி வந்துவிடக் கூடாது பாருங்கள். நிறத்தில் நாங்கள் அவ்வளவு நேர்மை.

போன வியாழக்கிழமை கடைக்கு வந்தீர்கள். பின்கட்டில் சாயப்பொடி நிறுத்துக்கொண்டிருந்த தமிழ்மாறனைப் பார்த்ததும் உங்கள் முகம் மலர்ந்தது. பேச்சோடு பேச்சாக இரண்டு நூல்கண்டுகளை எடுத்து நீட்டி, "இது என்ன கலர்ப்பா? இது?" என்று கேட்டீர்கள். அவன் இரண்டுக்கும் ஒரே பதிலைச் சொன்னான். நீங்கள் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தீர்கள். படியிறங்கும்போது, "துளசிராம், நடந்ததை நீயே எழுதிக் குடு. ஞாயித்துக்கிழமைக்குள்ள வரலேன்னா நானே அவன்கிட்ட சொல்லிருவேன்" என்றீர்கள். கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட் நாகஜோதி மேடம் கெடு நீட்டிக் கொடுத்ததாகச் சரித்திரமே கிடையாது. ரெக்கார்டு நோட்டு விஷயத்தில் பட்டவன் நான். ஆகவே எழுதுகிறேன்.

நான் கெமிஸ்ட்ரி எடுத்ததற்குக் காரணம் எங்கள் அப்பா. மூன்று தலைமுறையாகச் சுங்குடிப் புடவைக்குச் சாயம் போடுகிற குடும்பம், ஒருவனாவது அதைப் பட்டமாக வாங்கட்டும் என்றார். நானும் சாயத்தைப் பற்றிச் சொல்லித் தருவார்கள் என்று நம்பித்தான் முதல் வகுப்பில் முன் பெஞ்சில் உட்கார்ந்தேன். நீங்கள் எலக்ட்ரானில் ஆரம்பித்தீர்கள். அது எந்த இடத்தில் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, இருக்க வாய்ப்புள்ள இடத்தைத்தான் சொல்லலாம் என்றீர்கள். சரக்கு எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டால் இப்படி ஒரு பதிலை நான் எங்கள் கடையில் சொல்ல முடியாது. அப்பா கன்னத்தில் ஒன்று வைப்பார். மறுநாள் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டேன்.

அங்கேதான் தமிழ்மாறன் இருந்தான். எனக்கு முந்தின ரோல் நம்பர். திருவாதவூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவன். அவன் அப்பா அம்மா ஊரார் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள், இப்போதுதான் சொந்தமாகக் கொஞ்சம் நிலம். பன்னிரண்டாவது வரை தமிழில் படித்தவன், நீங்கள் இங்கிலீஷில் பொழிந்ததை அப்படியே தமிழ் எழுத்தில் பிடித்துக்கொண்டிருந்தான். 'ஹைப்ரிடைசேஷன்' என்று எழுதிவிட்டு நிமிர்ந்து, "மாப்ள, இந்தம்மா நம்மளத் திட்டுதா, பாடம் நடத்துதா?" என்று கேட்டான். தீபாவளிக்குள் அதே நோட்டைப் பார்த்துப் பாதி வகுப்பு படித்துக்கொண்டிருந்தது. உங்கள் மோல் கணக்கை அவன் கண்ணை மூடிக்கொண்டு போடுவான். கண்ணைத் திறந்தால்தான் சிக்கல் என்பது லேபில் தெரிந்தது.

முதல் டைட்ரேஷன். லேசாக இளஞ்சிவப்பு தட்டியதும் நிறுத்த வேண்டும் என்றீர்கள். அவன் ஃப்ளாஸ்க் ரோஸ் மில்க் ஆகிவிட்டிருந்தது, இன்னும் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தான்.

"டேய், கடை போடப்போறியா? நிறுத்துடா."

"வந்துருச்சா? எனக்குக் கலரு கொஞ்சம் லேட்டாத்தான் பிடிபடும் மாப்ள."

அப்போது நான் ஒன்றும் நினைக்கவில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு அம்மாவுக்கு ஒரு புடவை எடுக்க வேண்டும் என்று அவன் எங்கள் கடைக்கு வந்தபோதுதான் புரிந்தது. "ஆத்தா பாட்டில் பச்சை கேட்டுச்சு" என்றான். நான் பத்துப் புடவையை விரித்துப் போட்டேன். அவன் நிதானமாகத் தடவிப் பார்த்து, நல்ல அரக்குச் சிவப்பில் ஒன்றை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, "இந்தப் பச்சைதான்" என்றான். அப்பா வாயைத் திறந்தார். நான் எங்கள் வீட்டுப் பாஷையில் "சும்மா இருங்க" என்றேன். வாங்குகிறவர் எதிரில் பேசக் கூடாததை அந்தப் பாஷையில் பேசிக்கொள்வதுதான் எங்களுக்கு வழக்கம். அப்பா புடவையை மடித்துக் கொடுத்துவிட்டார்.

மறுவாரம் விசாரித்தேன். "ஆத்தாளுக்கு எம்புட்டு சந்தோசம் தெரியுமா? பச்சை பிடிச்சிருக்கான்னு கேட்டேன், நல்லாருக்குய்யான்னுச்சு" என்றான். மகன் எடுத்துக் கொடுத்த முதல் புடவை. அவன் அம்மா முத்துத்தாய் அம்மாளும் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த விஷயத்தில் வாயை மூடிக்கொண்ட முதல் ஆள் நான் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத கண் சிலருக்கு உண்டு என்பது எனக்குத் தெரியும். எங்கள் தொழிலில் வேலைக்கு எடுக்கும்போதே பார்த்துவிடுவோம். அவனுக்குத் தெரியாது. ஒரு நாள் கேட்டும்விட்டான். "மாப்ள, என் கண்ணுல எதும் கோளாறு இருக்குமோ?"

"கண்ணுல என்னடா கோளாறு? பழக்கம் இல்ல, அம்புட்டுதான். நான் பொறந்ததுல இருந்து ஆயிரம் கலருக்கு நடுவுல கிடக்கேன். உங்க வீட்டுல எத்தன கலர் பாத்திருப்ப?"

அவன் யோசித்தான். தலையாட்டினான். அதுதான் எனக்கு ஆச்சரியம். வேறு எவனாக இருந்தாலும் சட்டையைப் பிடித்திருப்பான். இவன், டவுன்காரனுக்குத் தெரிவது தனக்குத் தெரியாமல் போவதில் நியாயம் இருப்பதாக நம்பிவிட்டான். அந்த நம்பிக்கையை நான் உண்டாக்கவில்லை. அவன் கொண்டுவந்தான், நான் வைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. கணக்கு அவனுடையது, கண் என்னுடையது. மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதை அவன் பார்த்திருக்கிறான், எங்கள் தெரு நூல் தரகர்களிடம் நானும் பார்த்திருக்கிறேன். ஆகவே பேசிப் புரியவைக்க வேண்டியிருக்கவில்லை. லேப் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு விரல் தொங்கினால் சிவப்பு, இரண்டு என்றால் பச்சை. டைட்ரேஷனில் நிறம் வந்ததும் நான் இருமுவேன். அடுத்தடுத்த ரோல் நம்பர், அடுத்தடுத்த மேசை. நான்கு செமஸ்டர். "உங்க ரெண்டு பேருக்கும் ரிசல்ட் மட்டும் எப்படி ஒண்ணாவே வருது?" என்று நீங்கள் ஒருமுறை கேட்டீர்கள். சேர்ந்து படிக்கிறோம் என்றேன். பொய் இல்லை.

மூன்றாம் வருஷம் பொங்கல் கழிந்து நீங்கள் அவனைக் கூப்பிட்டு, பெங்களூர் ஆராய்ச்சி நிலையத்துக்கு அவன் பெயரை எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். கடைசி செமஸ்டரில் எல்லாப் பேப்பரும் தேறிவிட்டால் இடம் உறுதி. அவன் ஓடிவந்து என்னைத் தூக்கிச் சுற்றினான். "நீ இல்லாம நான் இல்லடா" என்றான்.

அந்தப் பேச்சு எனக்குள் தங்கிவிட்டது. நான் திரும்பிப் போகப்போவது சாயப்பட்டறைக்கு. இத்தனை நூலுக்கு இத்தனை பொடி, இத்தனை உப்பு, இவ்வளவு சூடு என்று கணக்குப் போட ஆள் வேண்டும். மூன்று வருஷம் உங்களிடம் படித்தும் எனக்கு அது வரவில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை. அது கைவந்த ஒருவனோ பெங்களூர் போகிறான்.

பிடித்த சரக்கைக் கையில் எடுத்ததும் முதலில் குறை சொல்ல வேண்டும் என்பது எங்கள் தெருவில் கைக்குழந்தைக்கும் தெரியும். கரை கோணல், சாயம் திட்டுத்திட்டு என்று சொன்னால்தான் அது நம் கைக்கு இறங்கிவரும். குறையே இல்லாத சரக்கு என்றால் ஒரு மடிப்பை லேசாகக் கசக்கிவிட்டுப் பேச்சைத் தொடங்குகிறவர்களும் உண்டு. கசங்கின துணி கெட்டுப்போய்விடுவதில்லை, மேடம். வாங்கின பிறகு தேய்த்துக்கொள்ளலாம்.

கடைசி ப்ராக்டிகலில் அவனுக்கு வந்தது ஸ்ட்ரான்ஷியம் உப்பு. தீயில் காட்டினான். அரக்கு மாதிரி அருமையான சிவப்பு, எங்கள் பட்டறையிலேயே அப்படி ஒரு சிவப்பு விழாது. என்னைப் பார்த்தான். நான் இரண்டு விரலைத் தொங்கவிட்டேன்.

அவன் தயங்கினான். மற்றச் சோதனைகளெல்லாம் ஸ்ட்ரான்ஷியம் என்றுதான் அவனுக்குச் சொல்லியிருந்தன. மறுபடி தீயில் காட்டினான், மறுபடி பார்த்தான். மறுபடி இரண்டு விரல். தான் சரியாக எழுதி வைத்திருந்ததைக் குறுக்கே கோடிட்டு அடித்துவிட்டு, பச்சைச் சுவாலை, பேரியம் என்று எழுதினான். டைட்ரேஷனில் என் இருமலும் நான்கு மில்லி தாமதமாக வந்தது. அன்று தொண்டை சரியில்லை.

வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் பேப்பரைப் பார்த்துச் சிரித்தார். அவன் ஃபெயில். இனி உங்கள் பங்கு. ஸ்டாஃப் ரூம் வாசலில் நிற்க வைத்து, "சீட்டு கெடைச்சிரும்னதும் திமிர் ஏறிப்போச்சு, இல்ல? உன்னப் போய் நம்பினேன் பாரு" என்றீர்கள். நான் அவனுக்குப் பின்னால்தான் நின்றேன். மடிப்பைக் கசக்கினது நான். மிதித்தது யார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அவன் அந்தப் பரீட்சையைத் திரும்ப எழுதவே இல்லை. "நீ பாஸாகிட்ட. நீ பக்கத்துல இல்லாம லேபுக்குள்ள காலெடுத்து வைக்க முடியாது மாப்ள. எனக்கு மூளையே மழுங்கிருச்சு" என்றான். சாப்பிடாமல் கிடந்தான். முத்துத்தாய் அம்மாள் அந்த அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு கடைக்கு வந்து, "கூடவே இருந்த புள்ள நீயி, அவனுக்கு என்னதான் ஆச்சு, சொல்லு தம்பி" என்று அழுதார். "படிப்பு எல்லாருக்கும் ஒத்துக்காதும்மா. பட்டறைக்கு அனுப்புங்க, நான் பாத்துக்கிறேன்" என்றேன். கையெடுத்துக் கும்பிட்டார்.

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இரண்டு வருஷமாகிறது. பொடி டப்பா எல்லாவற்றிலும் அவனுக்காக நம்பர் ஒட்டியிருக்கிறேன். எங்கள் பட்டறையில் இப்போது ஒரு ஈடு சாயம்கூடத் தவறிப்போவதில்லை. வடக்கே இருந்தெல்லாம் சரக்கு கேட்டு வருகிறார்கள். நிறம் பார்க்க வேண்டிய இடத்தில் "மாப்ள, இங்க வா" என்பான். நான் சாப்பாட்டை விட்டு எழுந்து போயிருக்கிறேன்.

அவனிடம் உண்மையைச் சொன்னால் அவன் முட்டாள் இல்லை என்று தெரிந்துகொள்வான், இன்னொரு தடவை எழுதுவான், பெங்களூரில் இன்னமும் சேர்த்துக்கொள்வார்கள் என்றும் அன்று படியில் சொன்னீர்கள். இருக்கலாம். அதோடு சேர்த்து, உலகத்தில் தனக்கு இருந்த ஒரே சிநேகிதன் யார் என்பதையும் தெரிந்துகொள்வான். அந்தக் கொடுமையை அவனுக்குச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கு வருமா என்று பார்க்க வேண்டும்.

இந்தக் கடிதத்தையும் ஒரு புடவையையும் உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்திருப்பவன் அவனேதான். நீங்கள் இதைப் படித்து முடிக்கிறவரை வாசலில் நிற்கச் சொல்லியிருக்கிறேன், நிற்பான். புடவை என் அன்பளிப்பு, உங்களுக்கு அரக்கு பொருந்தும். புடவை உறையின்மேல் 'பாட்டில் பச்சை' என்று எழுதியிருப்பது அவன் கையெழுத்து. என்னிடம் கேட்டுத்தான் எழுதினான்.

சொல்வதாக இருந்தால் இப்போதே கதவைத் திறந்து சொல்லிவிடலாம். அதற்கு முன் அவனை உள்ளே கூப்பிட்டு, புடவையை விரித்து, இது பச்சை இல்லை, அரக்கு என்று ஒரே ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். சண்டை போடமாட்டான், தங்கமான பையன். "துளசியக் கேட்டுச் சொல்றேன் மேடம்" என்பான்.