மூன்றாவது கூப்பாடு

பொழுது சாய்ந்து விளக்கு வைக்கிற நேரம். வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையத்துக்கு இறங்குகிற மலைப்பாதை. கடைசி பஸ் போயாகிவிட்டது... முன்னாலும் பின்னாலும் ஒரு வெளிச்சம் இல்லை. மரவள்ளிக்கிழங்கு மூட்டைகளோடு ஒரு குட்டியானை லோடு வண்டி மட்டும் முனகிக்கொண்டு இறங்குகிறது. ஓட்டுகிறவன் பெயர் தீனதயாளன்.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது. ஷாலினி, போர்வைக்கு வெளியே காலை நீட்டியிருக்கிறாய், அது உன் தைரியம், எனக்கென்ன. இது நான் கட்டிவிடுகிற கதை இல்லை. நம்மோடு துணிக்கடையில் நிற்கிறாளே மணிமொழி, அவளுடைய அத்தை வெள்ளச்சி மலைமேல் டீக்கடை வைத்திருக்கிறாள். அங்கே தினமும் டீ குடிக்கிறவனுக்கு நடந்தது.

தீனதயாளன் கள்ளக்குறிச்சிக்காரன். மலையில் கிழங்கு ஏற்றிக் கீழே ஜவ்வரிசி ஆலையில் இறக்குவது அவன் பிழைப்பு. ஒரே பெண், சுபஸ்ரீ. நான்காம் வகுப்பு. பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் அப்பாவுக்குப் பக்கத்து சீட்டில்தான் இருப்பாள். கை முழுக்கப் பலாப்பழப் பிசின், வாய் முழுக்கப் பேச்சு.

டீக்கடையைத் தாண்டியதும் ஒரு பெரிய வளைவு. அங்கே நின்று பார்த்தால் பள்ளம் முழுக்கப் பனிமூட்டம் பஞ்சு மாதிரி அடைத்துக் கிடக்கும். "அதுக்கடியில இன்னாப்பா இருக்குது?" என்று ஒருநாள் கேட்டாள். தீனதயாளன் சும்மா, "ஒரு நாடு இருக்குதும்மா" என்று சொல்லிவைத்தான். அவ்வளவுதான். அதற்குப் பஞ்சுநாடு என்று பெயர் வைத்து, அதற்கொரு ராஜாவையும் உட்காரவைத்துவிட்டாள். கால் தரையில் படாத ராஜா, எடையே கிடையாது. அவனுடைய ஜனங்கள் எல்லோரும் வெள்ளை, நாடும் வெள்ளை. பக்கத்தில் நின்றாலும் ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தெரியமாட்டார்கள். கூப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒருநாள் டீக்கடையில் நிற்கும்போது வெளியே இருட்டில் யாரோ கூப்பிட்டார்கள். சுபஸ்ரீ உடனே "ஓ..." என்றுவிட்டாள். வெள்ளச்சி பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினாள். "இருட்டுல யாரு கூப்ட்டாலும் மூணு வாட்டி கூப்புடறாங்களான்னு பாத்துட்டுத்தான் ஓ-ன்னு சொல்லணும் கண்ணு. பேய்க்கு மூணாவது வாட்டி கூப்புட வராது" என்றாள். நம் வீடுகளிலும் சொல்வதுதானே இது. தீனதயாளனை அவன் அம்மா இதைச் சொல்லியே வளர்த்திருந்தாள்.

ஆனால் சுபஸ்ரீ பேய்க்குப் பயப்படவில்லை. வண்டியில் ஏறியதும், "பாவம்பா பேயி... அதுக்கு ஏன் மூணாவது வரல?" என்று ஆரம்பித்தாள். வீடு போய்ச் சேருவதற்குள் அதற்கும் ஒரு சரித்திரம் எழுதிவிட்டாள்.

பஞ்சுநாட்டு ஜனங்கள் ராத்திரி பகல் பாராமல் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்களாம். மலைக்குத் தூக்கம் போய்விட்டது. கோபம் வந்து படையெடுத்தது. கல்லோடு பஞ்சு சண்டை போட முடியுமா? ராஜா தோற்றான். மலை கப்பம் கேட்டது. பொன் வேண்டாம், தினை வேண்டாம்... மூன்றாவது கூப்பாடு வேண்டும் என்றது. அன்றிலிருந்து அந்த நாட்டில் யாருக்கும் இரண்டு தரத்துக்கு மேல் கூப்பிட வராது. மூன்றாவது, மலையின் வயிற்றுக்குள் போய்விடும். அதனால் ராஜா ஒரு சட்டம் போட்டான். முதல் சத்தத்துக்கே பதில் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் போனால், கூப்பிட்டவர் தொலைந்துபோவார்.

கப்பத்தை ராஜா எப்படி மீட்டான் என்பதை அடுத்த லீவுக்குச் சொல்கிறேன் என்றாள். அதற்குள் காய்ச்சல் வந்தது. படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. எவ்வளவோ பேசின வாய்... கடைசியில் தண்ணீர் என்றுகூடக் கேட்கவில்லை. தீனதயாளனுக்கு மனசு ஆறாமல் போனது அதில்தான். ஒருதரம் அவள் குரலைக் கேட்டுவிட்டால் போதும் என்று அலைந்தான். பெரிய வளைவில் வண்டியை நிறுத்தாமல் அவனால் கடந்துபோக முடிவதில்லை.

மார்கழி மாசம். அன்றும் நிறுத்தினான். பள்ளத்திலிருந்து பனி ஏறி ரோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. இஞ்சின் ஆறுகிற சத்தம்... டிக்... டிக்... அப்புறம் அதுவும் நின்றது. பச்சைக் கிழங்கு வாசனைக்கு நடுவே இன்னொரு வாசனை வந்தது. பலாப்பழம். மார்கழியில் பலா ஏது?

"அப்போவ்..."

பக்கத்து சீட்டிலிருந்து இல்லை. ரோட்டுக்குக் கீழே இருந்து. அவள் குரல்தான்... அந்த இழுப்பு வேறு யாருக்கும் வராது.

இன்னாம்மா என்று சொல்ல வாய் திறந்தது. சத்தம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அம்மா அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்த பழக்கம். ஒண்ணு என்று மனசு எண்ணியது.

"அப்போவ்..."

ரெண்டு. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். இன்னொரு தரம் கூப்பிடு தாயி, இன்னும் ஒரே ஒரு தரம் என்று உள்ளுக்குள் கெஞ்சினான்... பனி மட்டும் நகர்ந்தது. பலாப்பழ வாசனை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இல்லாமலே போனது. மூன்றாவது வரவில்லை.

அப்போ அது பேய்தான், தப்பித்தோம் என்று வண்டியை எடுத்தான். மலை இறங்கும் வரைக்கும் இதையே சொல்லிக்கொண்டு வந்தான்.

வீட்டில் மனைவி சந்தியா சோறு போட்டு வைத்திருந்தாள். அவன் தட்டைத் தொடாமல் நடந்ததைச் சொன்னான். அவள் பயப்படவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எத்தினி வாட்டி கூப்ட்டா?"

"ரெண்டு வாட்டி. அதான் நான் ஒண்ணும் பேசல..."

"ரெண்டுக்கு மேல அவளால எப்படிங்க கூப்புட முடியும்? பஞ்சுநாட்டுக் கதைய என்கிட்ட சொல்லாம ஒரு நாளாவது தூங்கியிருப்பாளா அவ?" என்றாள் சந்தியா. அப்புறம், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, புருஷனை நீ என்றாள். "பெத்த பொண்ணு கூப்ட்டா எண்ணிக்கினா இருப்பே நீ?"

அவன் அழுதது நாலு வீடு தாண்டிக் கேட்டதாம். பயத்தில் செய்ததுதான், யாராக இருந்தாலும் செய்திருப்போம். ஆனாலும் அந்தக் குழந்தை இருட்டில் நின்று கூப்பிட்டிருக்கிறதே.

மறுநாள் லோடு ஏற்றியும் ஏற்றாமலும் வளைவுக்கு ஓடினான். பள்ளத்தைப் பார்த்து நின்று, "ஓ... இங்கதாம்மா இருக்கேன்!" என்றான். பதில் இல்லை. வாசனையும் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

"சுபா..."

"சுபா..."

மூன்றாவது தரம் வாய் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் வரவில்லை. இருமினான், தண்ணீர் குடித்தான், மறுபடி கூப்பிட்டான். மறுபடியும் இரண்டுதான் வந்தது.

வீட்டிலும் அப்படியே ஆகிவிட்டது. மற்றப் பேச்சுக்கெல்லாம் குரல் இருக்கிறது. யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் இரண்டோடு நின்றுவிடுகிறது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டையில் ஒன்றுமே இல்லை என்றார். சந்தியா இப்போதெல்லாம் அவன் ஒருதரம் கூப்பிட்டாலே, அடுப்பில் எது இருந்தாலும் போட்டுவிட்டு ஓடிவருகிறாள்.

இவ்வளவுதான் தீனதயாளனுக்குத் தெரியும். மிச்சம் வெள்ளச்சிக்குத் தெரியும்.

அவன் இன்றைக்கும் தினம் சாயங்காலம் அந்த வளைவில் நிற்கிறான். மேலே கடையில் இருக்கிற வெள்ளச்சிக்கு அவன் கூப்பிடுவது கேட்கும். ரோட்டிலிருந்து ஒன்று. ரோட்டிலிருந்து இரண்டு. கொஞ்ச நேரம் ஒன்றுமே இருக்காது... அப்புறம் மூன்றாவது கேட்கும். அதே குரல்தான். ஆனால் ரோட்டிலிருந்து இல்லை, பள்ளத்தின் அடியிலிருந்து. அது முடிவதற்குள், மூச்சு விடுகிற நேரம்கூட ஆகாமல், ஒரு சின்னக் குரல் சொல்லும்.

"இன்னாப்பா..."

வளைவில் நிற்கிறவனுக்கு அது கேட்பதே இல்லை. போன வாரத்திலிருந்து அந்தக் குரல் அதோடு நிற்பதும் இல்லையாம். "எறங்கி வாப்பா" என்கிறதாம்.

"சொன்னா எறங்கிடுவான். எறங்கினா ஏறமாட்டான்" என்று வெள்ளச்சி மணிமொழியிடம் சொல்லி அழுதிருக்கிறாள். அதைக் கேட்பதற்காகவே உயிரை வைத்திருக்கிறவனிடம் வாயை மூடிக்கொண்டு இருப்பது லேசான காரியமா?

நாளைக்கும் அவன் போவான். டீ கிளாஸைக் கையில் வாங்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்பான்.

"நேத்து கீழ எதுனா கேட்டுதாக்கா?"

வெள்ளச்சி பாலை ஆற்றிக்கொண்டே சொல்வாள்.

"காத்துதான் தம்பி... வேற ஒண்ணும் இல்ல."