பின் சக்கரங்களுக்கு நான் போட்ட டயர்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை, சார். குறை சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடமாக டயர் கடை வைத்திருக்கிறவனுக்கு உட்கார்ந்ததும் அதுதான் முதலில் தெரியும். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் நிதானமாகவே சொல்கிறேன்.

உங்கள் போலீஸ் அறிக்கையைப் படித்தேன். விபத்துக்குக் காரணம் ‘ஓட்டியவரின் அதிவேகம், கவனக்குறைவு’ என்று போட்டிருக்கிறீர்கள். அது தப்பு. அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன். யாரும் என்னைப் பிடித்து இழுத்து வரவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

என் தங்கையின் கணவனை நான் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். கெட்டவன் இல்லை. அவளைக் கண்கலங்க வைத்ததில்லை. வாய்தான் கொஞ்சம் நீளம். இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தான். எஞ்சினின் சக்தி முழுவதும் பின் சக்கரங்களுக்குப் போகும் வண்டி. அதனால் கம்பெனியிலிருந்து வரும்போதே முன் டயரைவிடப் பின் டயர் அகலமாக இருக்கும். அழகுக்கு வைத்ததில்லை அது. முன் டயர் வழுக்கினால் வண்டி திரும்பாமல் நேரே போகப் பார்க்கும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சமாளித்துவிடலாம். பின் டயர் வழுக்கினால் பம்பரம். வால் முந்திக்கொண்டு வரும்.

போன வருடம் ஒரு பள்ளத்தில் விட்டு முன் டயர் ஒன்றைக் கிழித்துக்கொண்டான். அவசரத்துக்கு எங்கேயோ வேறு கம்பெனி டயர் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு, வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது என்று என் கடைக்கு வந்தான். ஒரே அச்சில் இரண்டு ஜாதி டயர் ஓடக்கூடாது என்று விளக்கினேன். கடையில் மூன்று வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அவன் அவர்களைப் பார்த்துச் சிரித்தான்.

“மச்சான், டயர்னா கறுப்பா, வட்டமா இருக்கணும். அவ்வளவுதான். மத்ததெல்லாம் ஓட்டுறவன் கையில இருக்கு.”

மூன்று பேரும் சிரித்தார்கள். அதில் ஒருவர் பல் டாக்டர், பன்னிரண்டு வருடமாக என்னிடம்தான் டயர் வாங்குகிறவர். நானும் சிரித்தேன். அதன்பிறகு உறவுக்காரர் வீட்டு விசேஷம் எதுவானாலும், நான் உள்ளே நுழைந்ததும் “டயர் விஞ்ஞானி வந்துட்டாரு, எல்லாரும் எழுந்து நில்லுங்க” என்பான். சிலர் நிஜமாகவே எழுந்து நிற்பார்கள்.

அதற்காக நான் இதைச் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவ்வளவு அற்பமானவன் இல்லை நான்.

ஒரு நாள் தங்கை கடைக்கு வந்தாள். முகமே சரியில்லை.

“அண்ணா, மலைப்பாதையில அவர் ஓட்டுற ஓட்டுக்கு எனக்கு ஈரக்குலையே நடுங்குது. சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டேங்கிறார். ஒரு தடவை நல்லா பயந்தார்னா போதும், அடங்கிடுவார்.”

“நான் பாத்துக்கறேம்மா, நீ போ” என்றேன். ஆக, தங்கைக்காகத்தான் செய்தேன். இதை அடிக்கோடிட்டு எழுதுங்கள்.

இரண்டு மாதம் கழித்து, நான்கு டயரும் தேய்ந்த வண்டியோடு வந்தான். என்ன போடலாம் என்று கேட்டேன். “உங்க இஷ்டம் மச்சான். எனக்கு எல்லாம் ஒண்ணுதான்” என்றான்.

முன்னால், என் கடையிலேயே உசத்தியான கம்பெனி டயர். மிருதுவான ரப்பர், மழைத் தண்ணீரை வாரி வெளியே தள்ளும் ஆழமான வெட்டு. அளவும் கார் கம்பெனி சொன்ன அதே அளவு. பின்னால் வேறு கம்பெனி. வாடகைக் கார்களுக்கென்று செய்தது. லட்சம் கிலோமீட்டர் தேயாமல் ஓட வேண்டும் என்று ரப்பரைக் கட்டைபோல இறுக்கியிருப்பார்கள். அகலம், இருக்க வேண்டியதைவிட இருபது மில்லிமீட்டர் குறைவு. பக்கச்சுவர் சற்று உயர்ந்ததாகப் பார்த்து எடுத்ததால் மொத்த உயரம் பழைய டயருக்குக் கிட்டத்தட்ட சமமாகிவிட்டது. அதனால் வண்டியில் எச்சரிக்கை விளக்கு ஒன்றும் எரியவில்லை. வழுக்கும்போது வண்டியைத் தானே நேராக்கும் வசதி ஒன்று உண்டு. அதை அணைத்துவிட்டு ஓட்டுவதுதான் அவனுக்குப் பெருமை. டயரில் எல்லா எண்ணும் அச்சடித்துத்தான் இருந்தது. எதையும் நான் மறைக்கவில்லை. அவன் குனிந்து பார்க்கவில்லை.

மறுநாளே போன் செய்தான். “மச்சான், ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி திரும்புது. கை நல்லா பழகிடுச்சுன்னு நினைக்கிறேன்.”

காய்ந்த சாலையில் அப்படித்தான் இருக்கும். முன் டயர் கவ்விப் பிடிக்கும், மூக்கு சட்டென்று திரும்பும். ஓட்டுகிறவனுக்குத் தன்மேல் நம்பிக்கை வரும். இன்னும் கொஞ்சம் மிதிப்பான். அதையும் அவன் கையின் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டான், கவனித்தீர்களா?

பயமுறுத்த மட்டும் என்றால் வேறு டயர் இருந்தது, சார். பிடி விடுவதற்கு முன்னால் கத்தும், வால் லேசாக ஆடிக் காட்டும். அதைப் பலகையிலிருந்து இறக்கியும் வைத்தேன். பிறகு திரும்ப ஏற்றிவிட்டேன். நான் போட்டது ஈரத்தில் சத்தமே போடாது. கடைசி நொடி வரை பிடித்திருக்கும், அப்புறம் இருக்காது. இருபத்திரண்டு வருடம் வாயால் சொல்லிச் சொல்லிப் பார்த்தவன் நான்.

பதினோரு நாள் மழை இல்லை. தினமும் காலையில் வானத்தைப் பார்த்தேன். பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, பெய்தது.

நடந்ததை எதிரே வந்த லாரிக்காரர் உங்களிடம் சரியாகவே சொல்லியிருக்கிறார்: “பின்னாடி யாரோ பிடிச்சுத் திருப்பிவிட்ட மாதிரி சுத்துச்சு.” அந்த ஒரு வரியை நீங்கள் முடிவுரையில் சேர்த்திருக்க வேண்டும். வண்டி சுற்றிப்போய், தங்கை உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவு தடுப்புச் சுவரில் மோதியது.

மாப்பிள்ளைக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு சரி. ஆஸ்பத்திரி நடையில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். “என் கைதான் மச்சான். என் கைதான் அவளைக் கொன்னுடுச்சு.”

எதையும் தாங்கிக்கொண்டிருப்பேன். அதைத் தாங்க முடியவில்லை. உள்ளே அவள் கிடக்கிறாள், அப்போதும் கைதான் என்கிறான். அவன் கைக்கு அதில் ஒரு பங்கும் கிடையாது. உங்கள் அறிக்கையும் அவனோடு சேர்ந்து அதையே சொல்கிறது. அந்த நான்கு டயர்களையும் சோதனைக்கு அனுப்புங்கள். அகலத்தை அளக்கச் சொல்லுங்கள், ரப்பரை நகத்தால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். தெரிந்தவன் எவனும் நான் சொல்வதைத்தான் சொல்வான்.

நீங்கள் பேனாவை வைத்துவிட்டீர்கள். அவளும் போகிறாள் என்று எனக்குத் தெரியுமா என்றுதானே கேட்கப் போகிறீர்கள்?

அன்று காலை எட்டரைக்கு அவளே போன் செய்தாள். என் கடைத் தகரக் கூரையில் மழை விழுந்த சத்தத்தில் எனக்குக் கேட்க வேண்டும் என்று உரக்கப் பேசினாள். “அண்ணா, அவர் மலைக்குப் போய்ட்டு வரலாம்ங்கிறார். நானும் கிளம்பிட்டேன். மழையா இருக்கே, பரவாயில்லையா?”

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் போயிருக்க மாட்டாள். அவனையும் போக விட்டிருக்க மாட்டாள். அவன் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, அடுத்த விசேஷத்துக்கும் அதே சிரிப்போடு வந்திருப்பான்.

“புது டயர்தானேம்மா, தைரியமா போ. பெல்ட் மட்டும் போட்டுக்கோ” என்றேன்.

போட்டிருந்தாள். உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. நான் சொன்னதை அப்படியே கேட்கிறவள் அவள் ஒருத்திதான், சார்.