போகாத மஞ்சள்

சிராங்கூன் ரோட்டில் பஸ் ஏறி என் முன் இருக்கையில் உட்கார்ந்த இரண்டு பெண்களும் எழவு வீட்டிலிருந்து வந்தவர்கள். தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது. டிக்கெட் வாங்கியதும் இளையவள் சொன்னாள்:

“எவ்வளவு தேய்ச்சும் செத்தவங்க கையிலேருந்து அந்த மஞ்சள் போகலையேக்கா.”

“எப்படிப் போகும்? தேக்கா மார்க்கெட்ல உக்காந்து ஊருக்கெல்லாம் மசாலா அரைச்ச கை. மலாய்க்காரங்க, சீனவங்க, நம்மாளுங்க, யாரு வீட்டுக் குழம்புல அவ கை இல்ல?”

“குளிப்பாட்டும்போது அவங்க நாத்தனார் என்னைத்தான் வஞ்சாங்க. புருசன் இல்லாதவளை மஞ்சளோட அனுப்பக் கூடாது, நல்லாத் தேய்டின்னு. சீயக்காய் போட்டேன், எலுமிச்சம்பழம் போட்டேன். நகக்கண்ணுலகூட மஞ்சள்க்கா.”

“சின்ன வயசுலயே தாலி அறுத்தவ. அதுக்கப்புறம் மூஞ்சியில ஒரு நாள் மஞ்சள் பூசினதில்ல. ஆனா அதே மஞ்சளை அரைச்சுத்தான் புள்ளைங்க எல்லாத்தையும் ஆளாக்கினா.”

பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நாத்தனார் அப்புறம் என்னதான் சொன்னா?”

“கிட்ட வந்து அந்தக் கையைப் பிடிச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. பிறகு என் கையிலேருந்த குவளையை வாங்கிக் கீழ வச்சுட்டாங்க. ‘போதும்டி. இது அவளே சம்பாதிச்ச மஞ்சள், அவளோடயே போகட்டும்’னாங்க.”