அவிக்காத மண்ணுக்கு வணக்கம்

அவைத்தலைவர் அவர்களே, ஆய்விலே அகவை முதிர்ந்த ஆன்றோர்களே, அன்பு நிறைந்த தாய்மார்களே, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் ஆய்வுத் தலைவர், எந்நேரமும் நுண்ணோக்கிக் கண்ணாடியில் கண் வைத்திருக்கும் 'கண்ணாடி அம்மா' அவர்களே, அனைவருக்கும் இந்த மண்ணாங்கட்டியின் வணக்கம். சிரிக்காதீர்கள் ஐயா, பசுமைக்குடிலில் தொட்டி நிரப்பிய காலமெல்லாம் எனக்கு அதுதான் பெயர்.

அந்த நாட்கள் திரும்ப வருமா? ஒழுகும் கூரை வருமா? அவித்த மண்ணின் வாசம் வருமா? நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது.

அப்போது பேட்டரி ஆலையின் கழிவால் சுற்றுவட்டார வயல்களில் ஈயம் ஊறிக் கிடந்தது. அதைத் தாங்கும் சோள விதை எது? பத்து வரிசைத் தொட்டிகளில் பத்து விதைகள். கிருமிகள் சாக மண்ணை ஆவியில் அவித்து, ஈயம் கலந்து நிரப்புவது என் வேலை. ஒன்பது வரிசைகள் வெளுத்து வாடின. ஏழாம் வரிசை மட்டும் பச்சைப்பசேலென்று எழுந்து நின்றது. "விதை கிடைச்சிருச்சு" என்று ஆய்வுக்கூடமே குதித்தது.

நான் மட்டும் குதிக்கவில்லை. ஏன் தெரியுமா? கடைசியாக நிரப்பிய ஏழாம் வரிசைக்கு அவித்த மண் தீர்ந்துபோய், குடிலுக்குப் பின்னாலிருந்த மண்ணை அள்ளி, அவிக்காமலே ஈயம் கலந்து போட்டவன் நான். ஏற்கெனவே இரண்டு முறை எச்சரிக்கை வாங்கியவன். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அந்த விதையை நம்பி நஞ்சு நிலத்தில் விதைப்பவன் கதி?

விதையை அறிவிக்கும் நாள் காலையில் போய் நின்றேன். "அம்மா, ஏழாவதுல பச்ச மண்ணு போட்டுட்டேன்."

அம்மா நேரே ஏழாம் வரிசைக்குப் போனார். ஒரு செடியைப் பிடுங்கி, வேரைக் கழுவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தார். "வந்து பாருடா" என்றார். வேருக்குள்ளும் புறமும் நீல நூலாய்ப் பூஞ்சை. ஈயத்தைத் தன் இழைகளில் இறுக்கிப் பிடித்து, உணவை மட்டும் வேருக்கு ஊட்டிய வேர்ப்பூஞ்சை. நாங்கள் மூன்றாண்டுகளாக அவித்து அவித்துக் கொன்றது அதைத்தான்.

அவரது மூன்றாண்டு உழைப்பு என் ஒரு சொல்லில் சரிந்தது. "வேலைய விட்டு நின்னுக்கவா அம்மா?" என்றேன்.

"நிக்கறதா? நாளைக்கும் இதே தப்ப பண்ணு. பத்து வரிசையிலயும் பண்ணு. இந்தத் தடவ நோட்டுல எழுதி வச்சுட்டுப் பண்ணு."

பெரியோர்களே, அன்று அவர் சீறியிருந்தால் அடுத்த தவற்றைச் சொல்ல யாருக்கு வாய் வந்திருக்கும்? நஞ்சு நிலத்தில் பயிர் நிமிர்ந்திருக்குமா? மண்ணுக்குள் பூஞ்சை செய்ததை மண்ணுக்கு மேலே எனக்குச் செய்தவர் இவர். அம்மா, நான் பிழைத்தது உங்களால். நன்றி, வணக்கம்.